ஆட்டுப் புழுக்கையில் வளரும் பூஞ்சைகள்: ஒரு டப்பா, நாற்பது நாள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் முப்பத்தொரு வருஷம் லேப் அட்டெண்டராக இருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது துறைத்தலைவர் கூப்பிட்டு, "சாணிப் பூஞ்சை எட்டு செட் வேணும்" என்பார். தலைவர்கள் மாறினாலும் அந்த வாக்கியம் மாறவில்லை. சாணி சேகரிப்பது, ஈரப்பெட்டி வைப்பது, தினமும் பார்ப்பது, தேர்வு நாளன்று பதமாக எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. பாடத்தில் அது ஒரு பக்கம்தான். எனக்கு அது வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிற விஷயமாகிவிட்டது. ஓய்வு பெற்று நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊருக்கு வந்த பிறகும் திண்ணை ஜன்னலில் ஒரு டப்பாவாவது இருக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாணியில் முளைக்கும் பூஞ்சை பெரும்பாலும் வெளியே இருந்து வந்து உட்காருவதில்லை. அது உள்ளேயே இருக்கிறது. புல்லின் மேல் ஒட்டியிருந்த பூஞ்சை விதைகளை, அதாவது ஸ்போர்களை, ஆடு புல்லோடு சேர்த்துத் தின்கிறது. வயிற்றுக்குள் உள்ள சூடும் செரிமான நீரும் புல்லைக் கரைக்கும். தடித்த கறுத்த ஓடு போட்ட ஸ்போரைக் கரைக்காது. பல வகைகளுக்கு அந்தப் பயணம்தான் தூக்கத்தைக் கலைக்கிறது. வயிற்றுக்குள் போகாத ஸ்போர் வருஷக்கணக்கில் முளைக்காமலே கிடக்கும். புழுக்கையாக வெளியே விழும்போது விதையும் எருவும் சேர்ந்தே விழுகின்றன. நாம் செய்ய வேண்டியது அதற்கு ஒரு மழைக்காலத்தை ஏற்படுத்திக் கொடுப்பது மட்டும்தான். கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து வருகிறவை.

என் அப்பா கிடை ஆட்டுக்காரர். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். படிப்பு இல்லை. ஆனால் ஒரு தடவை குளத்துக் கரையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "மாடு சாணி போட்ட இடத்துப் புல்லு எப்படிச் செழிச்சிருக்கு பாரு. ஆனா மாடு அதைக் கடிக்காது. ஒரு முழம் தள்ளித்தான் வாய் வைக்கும்." அப்போது அது எனக்குச் சாதாரணப் பேச்சு. லேபில் பைலோபோலஸ் என்கிற, ஸ்போரைத் தூர எறிகிற சாணிப் பூஞ்சையைப் பார்த்த அன்றுதான் அந்த ஒரு முழம் எவ்வளவு முக்கியமான தூரம் என்று புரிந்தது. சாணியில் விளைந்த ஸ்போர் மறுபடியும் மாட்டு வயிற்றுக்குள் போக வேண்டும். மாடோ சாணியோரப் புல்லைத் தொடாது. அப்படியானால் ஸ்போர் அந்த ஒரு முழத்தைத் தாண்டிப் போய் விழுந்தாக வேண்டும். இந்தப் பூஞ்சைகளில் பலவும் பீரங்கி மாதிரி வெடிப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, எந்தச் சாணியை எடுப்பது?

வெளியில் மேய்கிற பிராணியின் சாணியாக இருக்க வேண்டும். தொழுவில் கட்டிப்போட்டுத் தீவனமும் தவிடும் வைக்கிற மாட்டின் சாணியில் வரும் வகைகள் குறைவு. புல் மேயவில்லையென்றால் ஸ்போர் எப்படி உள்ளே போகும்? என் அனுபவத்தில் செம்மறிப் புழுக்கைதான் ஆரம்பத்துக்கு ரொம்ப நல்லது. செம்மறி தரையை ஒட்டி மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கி உடைமரத்துக் கொப்பையும் காயையும்தான் தேடும். அதனால் வெள்ளாட்டுப் புழுக்கையில் சில வருஷம் ஏமாற்றம் வந்திருக்கிறது, சில வருஷம் அள்ளிக் கொடுத்திருக்கிறது. எருமைச் சாணியும் மேய்ச்சல் மாட்டுச் சாணியும் பைலோபோலஸுக்கு நம்பி எடுக்கலாம். சலவைத் தொழிலாளர் வீட்டுக் கழுதைகள் இருந்த காலத்தில் அந்த விட்டைதான் எனக்குத் தங்கம். இப்போது கழுதையைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. குதிரை லத்தி கிடைத்தால் விடாதீர்கள்.

முயல் புழுக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பனைவிளை ஓரத்திலும் உடங்காட்டிலும் விடியக்காலம் நடந்தால், சின்னச் சுண்டைக்காய் மாதிரி, வைக்கோல் நிறத்தில், உருண்டையாக, காய்ந்து கிடக்கும். எடை இருக்காது, நாற்றம் இருக்காது. ஆனால் அதற்குள் இருக்கிற வகைகளின் எண்ணிக்கை ஆச்சரியமானது. பத்துப் புழுக்கை போட்டு ஒரே டப்பாவில் ஒன்பது வகை எண்ணியிருக்கிறேன்.

காட்டுக்குள் போய் மான் புழுக்கையும் மிளா புழுக்கையும் எடுக்கலாமே என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எடுக்கக் கூடாது, சாணியாக இருந்தாலும்தான். ஊரைச் சுற்றியே போதுமான அளவு இருக்கிறது.

சேகரிக்கிற முறையில்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன், சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மானூர்ப் பக்கம் ஒரு கிடையில் பச்சைப் புழுக்கையாகப் பார்த்து, ஒரு பாலித்தீன் பையில் அள்ளி, வாயைச் சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஐப்பசி வெயில். பையைத் திறந்தபோது உள்ளே வேர்த்துக் கொட்டியிருந்தது. புளித்த வாடை. அப்படியே எட்டுச் செட் வைத்தேன். நாலாம் நாள் எட்டிலும் புழு நெளிந்தது. பூஞ்சை ஒன்றும் நிற்கவில்லை. தேர்வு நாளில் பிள்ளைகள் வெறும் படத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. காற்றில்லாத ஈரத்தில் பாக்டீரியா ஜெயித்துவிடும், பூஞ்சை தோற்றுவிடும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அதனால் தாளில் மட்டும் எடுங்கள். பழைய நோட்டுத் தாளில் மடித்த கவர் போதும். ஆட்டுப் புழுக்கையென்றால் இருபது உருண்டை. மாட்டுச் சாணியென்றால் ஈ மொய்க்கிற மேல் தோலை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒரு எலுமிச்சம்பழ அளவு. கிடை ஆட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்கு அது விலைக்குப் போகிற எரு. கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், "எதுக்குண்ணாச்சி?" என்று மட்டும் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒருவருக்குக் கைலென்ஸில் காட்டினேன். மறுவாரம் அவரே ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தார்.

கவரின் மேல் பென்சிலால் நாலு விஷயம் எழுத வேண்டும்: என்ன பிராணி, எந்த இடம், என்ன தேதி, எங்கே மேய்ந்தது. கடைசிக் கேள்விக்கு மேய்ப்பவரிடம்தான் பதில் இருக்கும். தரிசா, குளத்துக்குள்ளா, அறுத்த நெல்வயலா, உடங்காடா? ஒரே மந்தையின் புழுக்கை இரண்டு மேய்ச்சலில் இரண்டு விதமாகக் கொடுக்கும். உடனே டப்பாவில் வைக்க முடியாவிட்டால் நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றாட உலர்த்தி, அதே கவரில் மூடி வையுங்கள். மாதக்கணக்கில் தாங்கும். சித்திரையில் எடுத்துக் காய வைத்ததைக் கார்த்திகையில் நனைத்து வளர்த்திருக்கிறேன். சாணி காய்ந்துவிட்டால் ஸ்போர் செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது காத்திருக்கப் பழகியது.

இப்போது டப்பா. ஸ்வீட் கடையில் அரைக்கிலோ அல்வா போட்டுத் தருகிற, மூடி பளிச்சென்று தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ரொம்பத் தோதானது. நம்மூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் நெய்ப் பிசுக்கு போக வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு தடவை கழுவிக் காய வையுங்கள். பிசுக்கு இருந்தால் எறும்பு வரும், சம்பந்தமில்லாத பூசணமும் வரும். மூடியில் குண்டூசியைச் சுட்டு ஐந்தாறு துளை போடுங்கள். அடியில் டிஷ்யூ தாளோ பில்டர் பேப்பரோ நாலு மடிப்பாக விரியுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத் தெளித்து நனையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுக் கொதிக்க வையுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. டப்பாவைச் சாய்த்தால் ஒரு சொட்டுகூட ஓடக் கூடாது. தாளை விரலால் அமுக்கினால் விரல் நுனி மினுமினுக்க வேண்டும், அவ்வளவுதான். புழுக்கைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் விரல் கடை இடைவெளி விட்டு வையுங்கள். காய்ந்த புழுக்கையாக இருந்தால் அதன் மேல் மட்டும் இரண்டு சொட்டு விடலாம். பச்சையாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அதற்குள் இருக்கிற ஈரமே போதும். தினமும் காலையில் ஒரு நிமிஷம் மூடியைத் திறந்து மூடுங்கள். தாள் வெளுத்துக் காய்வது மாதிரித் தெரிந்தால் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர்.

வெளிச்சம் கண்டிப்பாக வேண்டும். வெயில் கூடாது. வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. இருட்டு அலமாரிக்குள் வைத்தால் பைலோபோலஸ் ஒழுங்காக வராது. நம்மூர்க் கோடையில் அறைச்சூடே மிஞ்சிப் போகும். அப்போது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தால் தப்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் ஒரு கவலையும் இல்லை.

இனி நாள்கணக்கு. இது என் நோட்டில் இருக்கிற கணக்கு. குளிருக்கும் சாணிக்கும் தக்கபடி ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு மாதிரி எழும். பிறகு சாம்பல் நிறமாகும். இது மியூக்கர். ஒவ்வொரு இழை நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு உருண்டை. புதிதாகச் செய்கிறவர்கள் இதைப் பார்த்ததும் "கெட்டுப்போச்சு" என்று டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். கதை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. சாணியில் மிச்சமிருக்கிற சர்க்கரையைத் தின்ன முதலில் ஓடி வருகிறவர் இவர். தின்று முடித்ததும் தானே படுத்துவிடும். சில சமயம் அந்த மியூக்கர் இழையின் மேலேயே இன்னொரு பொடிப் பூஞ்சை ஒட்டுண்ணியாக ஏறியிருக்கும். பிப்டோசெபாலிஸ் என்று பெயர். கைலென்ஸுக்குத் தெரியாது, மைக்ரோஸ்கோப் வேண்டும்.

நாலிலிருந்து ஏழாம் நாளுக்குள் பைலோபோலஸ். இதற்காக மட்டும் காலை ஆறரை மணிக்கு எழுந்திருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் மஞ்சளாக, ஊசிமுனை மாதிரிச் சின்ன முளைகள் நிற்கும். ராத்திரி முழுக்க அது வேலை செய்கிறது. விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் காம்பு. அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை உயரம். காம்பின் மேல்பகுதி பலூன் மாதிரி வீங்கியிருக்கும், உள்ளே தண்ணீர். அந்தப் பலூனின் உச்சியில் கறுப்பாக, மிளகைக் குறுக்கே வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. காம்பு முழுக்கப் பனித்துளி போலச் சொட்டுகள் ஒட்டியிருக்கும். லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் அந்த ஒவ்வொரு சொட்டிலும் உங்கள் ஜன்னல் தலைகீழாகத் தெரியும். பலூனுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், அதையும் பாருங்கள். பலூன் ஒரு லென்ஸாக வேலை செய்து வெளிச்சத்தை அந்த அடிப்பகுதியில் குவிக்கிறது. வெளிச்சம் சரியாக நடுவில் விழும்வரை காம்பு வளைந்து திரும்புகிறது. கனடாவில் வின்னிபெக்கில் பேராசிரியராக இருந்த பல்லர் இதை வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து விளக்கியவர்.

பலூனுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தொப்பிக்குக் கீழே ஒரு கோட்டில் பிளந்துகொள்ளும். உள்ளே இருந்த தண்ணீர் பீய்ச்ச, தொப்பி பறக்கும். என் டப்பாக்களில் பெரும்பாலும் காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். வீட்டில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து டப்பாவிடம் காதை வையுங்கள். மூடியில் தொப்பி மோதுகிற சத்தம், மணல் தெறிக்கிற மாதிரி, "டிக், டிக்" என்று கேட்கும். என் பேத்தி முதல் தடவை கேட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, உள்ளே யாரோ தட்டுறாங்க" என்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவே மனசில்லை அவளுக்கு.

மூடி இல்லாவிட்டால் அந்தத் தொப்பி இரண்டு மீட்டருக்கு மேலும் போகும். அரை மில்லிமீட்டர்ப் பொருள் அவ்வளவு தூரம்! அப்பா சொன்ன ஒரு முழத்தை நாலு மடங்காகத் தாண்டிவிடுகிறது. 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நொடிக்கு இரண்டரை லட்சம் படம் வரை எடுக்கிற காமிராவை வைத்து இது போன்ற பூஞ்சைகள் ஸ்போரை எறியும் வேகத்தை அளந்தார்கள். வகைக்குத் தக்கபடி நொடிக்கு 2 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை வந்தது. இருபத்தைந்து மீட்டர் என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர், நாலுவழிச் சாலையில் போகிற பஸ்ஸின் வேகம். புல்லில் மோதியதும் தொப்பி பசைப்பக்கம் இலைமேலும் கறுப்புப்பக்கம் வெளியேயுமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கறுப்பு வெயிலிலிருந்து ஸ்போரைக் காக்கும். மாடு வந்து மேயும்வரை அப்படியே இருக்கும். இதில் இன்னொரு ஆள் இலவசப் பயணம் போகிறார்: மாட்டின் நுரையீரலில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள், சாணியிலிருந்து இந்தக் காம்பில் ஏறித் தொப்பியின் மேல் காத்திருந்து, அதோடு சேர்ந்து பறந்து புல்லுக்குப் போய்விடுகின்றன.

வெளிச்சத்தைக் குறிபார்க்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். முளைகள் தெரிகிற சாயங்காலம் டப்பா முழுவதையும் கறுப்புச் சார்ட் தாளால் சுற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவு துளை வெட்டுங்கள். துளையை ஜன்னலைப் பார்த்து வையுங்கள். இரண்டு நாள் தொட வேண்டாம். பிறகு பிரித்துப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் கறுப்புப் புள்ளிகள் குவிந்திருக்கும், மற்ற பக்கத்தில் அங்கொன்று இங்கொன்று. தேர்வுக்கு நான் வைத்ததிலேயே பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏழு எட்டு நாளுக்குப் பிறகு கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியவை வரும். சாணி மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னத் தட்டுகள், கடுகு அளவு, சில சமயம் அதைவிடப் பெரிது. தட்டின் மேல் மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். அஸ்கோபோலஸ். ஒவ்வொரு புள்ளியும் எட்டு ஸ்போர் அடைத்த ஒரு பையின் நுனி. வெளிச்சத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஸ்போர்கள் கத்தரிப்பூ நிறத்தில், மேலே கோடு கோடாக, சேலம் மாங்காய் வடிவில் இருக்கும். நான் முப்பத்தொரு வருஷத்தில் பார்த்த அழகுகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். இதன் பங்காளி சாக்கோபோலஸ், எட்டு ஸ்போரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி எறியும். தனித்தனியாகப் போவதைவிடக் கனமான பொட்டலம் தூரம் போகும் இல்லையா.

பத்து நாளுக்கு மேல் கறுப்பாக, கழுத்து நீண்ட குடுவை மாதிரி சார்டேரியாவும் போடோஸ்போராவும். கழுத்து ஜன்னல் பக்கம் வளைந்திருக்கும். போடோஸ்போராவின் ஸ்போருக்குக் கூழ் மாதிரி வால் உண்டு, புல்லில் ஒட்டுவதற்கு. தலைமுடிச் சுருள் சுருட்டி வைத்த மாதிரித் தெரிந்தால் கீட்டோமியம்.

மூன்றாவது வாரம் ஸ்போரார்மியெல்லா. கண்ணுக்குச் சாணியில் கறுப்புக் குத்து மாதிரிதான், சுவாரசியமில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஸ்போர் நாலு மணி கோத்த மாதிரி அறை அறையாக, தொட்டால் தனித்தனியாக உடையும். ஆனால் இதற்கு ஒரு பெருமை இருக்கிறது. இதன் ஸ்போர் ஏரிச் சேற்றில் ஆயிரக்கணக்கான வருஷம் அழியாது. சேற்றின் ஒரு அடுக்கில் இது நிறைய இருந்தால் அந்தக் காலத்தில் கரையில் பெரிய மேய்ச்சல் பிராணிகள் நிறைய இருந்தன என்று பொருள். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு ஏரியின் சேற்றை வைத்து, சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அங்கே பெரிய பிராணிகள் குறையத் தொடங்கின என்று 2009-ல் கணக்குச் சொன்னார்கள். நம் குளங்களில் கரம்பை வெட்டி வண்டியில் ஏற்றும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். அந்தக் கரம்பைக்குள் எத்தனை தலைமுறைக் கிடை ஆடுகளின் கணக்கு இருக்கிறதோ.

குடைகள் கடைசியில் வரும், சில டப்பாவில் பத்தாம் நாளே தலைகாட்டும். காப்ரினாப்சிஸ் வகை. வெள்ளையாக, மாவு தூவின மாதிரி, நகக்கண் அளவு மொட்டு. ராத்திரியோடு ராத்திரியாக நிமிர்ந்து விடியும்போது விரிந்திருக்கும். பத்து மணிக்குப் பார்த்தால் குடை ஓரத்திலிருந்து மேல்நோக்கிக் கரைந்து கறுப்பு மையாகச் சொட்டிக்கொண்டிருக்கும். அழுகல் இல்லை அது. கீழ்ப் பக்கத்து ஸ்போர் பறந்ததும் அந்த இடத்தைத் தானே கரைத்துக்கொண்டு, அடுத்த வரிசை ஸ்போருக்கு வழிவிடுகிறது. இந்தக் குடைகள் வந்த பிறகு மற்றவை குறைவதைக் கவனித்திருக்கிறேன். இவற்றின் இழைகள் தொட்ட இடத்தில் அஸ்கோபோலஸ் மாதிரியானவற்றின் இழைகளைச் சாகடிக்கும் என்பது ஆராய்ந்து கண்டது. புழுக்கைக்குள்ளும் பங்காளிச் சண்டைதான்.

டப்பாவில் வராத சிலவற்றை வெளியில் பாருங்கள். மழை விட்ட மறுநாள் எருமைச் சாணியில் சாம்பல் நிறக் குடை, கீழ்ப் பக்கத்து மடிப்புகள் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது பனியோலஸ். எருக்குழி ஓரத்தில் பழைய சாணியும் கூளமும் சேர்ந்த இடத்தில் சையாத்தஸ் வரும். சின்ன அகல் விளக்கு மாதிரி ஒரு கிண்ணம், உள்ளே கறுப்பு உளுந்து மாதிரி சில பொட்டலங்கள். மழைச்சொட்டு கிண்ணத்துக்குள் விழுந்தால் அந்த உளுந்து தெறித்துப் போய்ப் புல்லில் ஒட்டும். கார்த்திகை மாதம் எங்கள் தொழுவுக்குப் பின்னால் வரிசையாக முளைத்திருக்கும். யாரும் ஏற்றாத அகல்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாணியில் முளைக்கிற எந்தக் குடையையும் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்கவும் கூடாது. அதில் சில, மூளையைப் பாதிக்கிற விஷம் உள்ளவை. ஒன்றுக்கொன்று பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுப்படியில் வைக்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்ப்பது நல்லது. காய்ந்த சாணியை உடைக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கருவி என்று பார்த்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். அஸ்கோபோலஸ் வரை அதில் தெரியும். ஸ்போரைப் பார்க்க ஆசைப்பட்டால் பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப், அல்லது தாளை மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப். அது சுமார் 140 மடங்கு காட்டும். இன்ஜெக்ஷன் ஊசி முனையால் ஒரே ஒரு தட்டை அல்லது குடுவையைக் கிள்ளி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப்பைப் போட்டு, பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரு தட்டு. அமுக்கிவிடாதீர்கள். பைகள் விசிறி மாதிரி விரியும்.

நோட்டு இல்லாமல் இந்த வேலை பாதிதான். தினம் ஒரே நேரத்தில் பாருங்கள், இரண்டு வரி எழுதுங்கள், கோட்டுப்படம் ஒன்று போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "ஒன்பதாம் நாள், மூன்றாம் புழுக்கை, மஞ்சள் தட்டு நாலு" என்று எழுதினால் போதும். என் பேத்தி பைலோபோலஸுக்குக் "கறுப்புத் தொப்பி" என்றும் போடோஸ்போராவுக்குக் "கொக்குக் கழுத்து" என்றும் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு அந்தப் பெயர்களில் ஒரு குறையும் தெரியவில்லை.

கெட்டுப்போகிற வழிகளும் தெரிந்திருக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். மூடியை அரைநாள் திறந்து வைத்து, அடித்தாளை மாற்றுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அந்தப் புழுக்கையை மட்டும் ஊசியால் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னத் தூசி நடமாடுகிற மாதிரித் தெரிந்தால் அது உண்ணி இனத்துப் பூச்சி, பூஞ்சையை மேய்ந்துவிடும். டப்பாவின் அடி நனையாத அளவுக்கு ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் கவிழ்த்த டம்ளரின் மேல் டப்பாவை வைத்தால் ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. எறும்புக்கும் அதே வைத்தியம். ஒன்றுமே வரவில்லையென்றால் பத்து நாள் காய விட்டு மறுபடி நனையுங்கள். இரண்டாவது நனைப்பில் முதல் தடவை வராதவை வந்து நின்ற டப்பாக்கள் என்னிடம் நிறைய.

நாற்பது நாள் ஆனதும் டப்பாவைத் திறந்து நிழலில் காய விடுங்கள். நாலு புழுக்கையை மட்டும் தேதி எழுதிய கவரில் போட்டு, நோட்டின் அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வையுங்கள். அடுத்த ஐப்பசியில் நனைத்துப் பார்க்க அது வேண்டும். மிச்சத்தை எருக்குழியில் கொட்டிவிட்டு, டப்பாவை வெந்நீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.